பழியும் மறுமொழியும்

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர் நாள்தோறும் மூன்று மொழிகளோடு பழக வேண்டியவராய் உள்ளனர். இல்லத்திற்குத் தமிழ்; கடைத்தெருவிற்கு அவ்வூர் மொழி; அலுவலகத்திற்கு ஆங்கிலம். பாராட்டைப் பெற்றுக்கொள்வதற்கு இம்மூன்றனுள் எதுவும் போதும்; புன்னகை கூடப் போதும். குறை கூறப்படும் வேளையில்தான் மொழியின் நுட்பம் நமக்குத் தேவைப்படுகிறது. மேலதிகாரி ஒருவர் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்குகிறார். அஞ்சுகிறேன் என்று சொல்பவர் அவரே ஆயினும், அஞ்ச வேண்டியவர் கேட்டுக்கொண்டிருப்பவர்தாம். 'வித் ரெஸ்பெக்ட்' என்று மரியாதையை முன்வைத்து ஒருவர் பேசத் தொடங்கினால், பின்னால் மறுப்பு வருகிறது என்று கொள்ள வேண்டும். 'ஷோ காஸ்' என்ற தலைப்போடு ஒரு தாள் மேசைக்கு வந்துவிட்டாலோ, அன்றிரவு உறக்கம் இல்லை.

இச்சொற்களை நாம் நாள்தோறும் கேட்கிறோம், ஆளுகிறோம். இவை எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் பழி கூறவும், பழிக்கு விடை கூறவும் வழங்கும் தொடர்கள் பெரும்பாலும் மாதாகோயிலிலிருந்தும், நீதிமன்றத்திலிருந்தும், அடுக்களையிலிருந்தும், சூதாட்ட மேசையிலிருந்தும் வந்தவை. அவற்றின் வரலாற்றைப் புரட்டினால் மூன்று வினாக்கள் மீண்டும் மீண்டும் எழக் காண்கிறோம். ஒருவர் செய்த குற்றத்தை மற்றொருவர் சுமக்கலாமா? குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு வாய் திறக்க உரிமை உண்டா? அவர் மீது சாட்டப்படும் குற்றம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டதா? இம்மூன்று வினாக்களையும் துணையாகக் கொண்டு சில சொற்களை ஆராய்வோம்.

முதலில் சொற்களின் குலத்தைக் காண்போம். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன் பின்னர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே செல்வாக்கோடு விளங்கிற்று. ஆகவே, குற்றஞ் சாட்டுவதற்குரிய ஆங்கிலச் சொற்கள் பல அம்மொழி வழியே வந்தன. 'பிளேம்', 'அக்யூஸ்', 'ஃபால்ட்', 'பார்டன்' ஆகியவை அத்தகையன. குற்றவாளி தன் நெஞ்சினுள் உணரும் உணர்வைக் குறிக்கும் சொற்களோ பழைய ஆங்கிலத்திற்கே உரியவை. 'கில்ட்', 'ஷேம்', 'ஸாரி', 'ஃபர்கிவ்' என்பன அவ்வகையின. எல்லாச் சொற்களும் இவ்வரம்பிற்குள் அடங்கிவிடும் என்று கூற இயலாது. ஆயினும் சாட்டுவதற்கு ஆள்வோர் மொழியும், வருந்துவதற்கு ஆளப்படுவோர் மொழியுமாக இச்சொற்கள் பிரிந்து நிற்பதில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

அவ்வரலாற்றின் துயரம் 1362ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் பதிவாகியுள்ளது. மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டம், வழக்குகள் இனி ஆங்கிலத்திலேயே வாதிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. காரணம் யாது? பிரெஞ்சு மொழியை மக்கள் அறியமாட்டார்கள். ஆதலால் வழக்காடு மன்றத்தில் நிற்பவர், தமக்குச் சார்பாகச் சொல்லப்படுவது யாது, தமக்கு எதிராகச் சொல்லப்படுவது யாது என்று அறியாமலே நிற்கின்றனர் என்பதே சட்டம் காட்டிய காரணம். சட்டம் வந்தும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. பதிவேடுகள் இலத்தீனிலேயே எழுதப்பட்டன. வழக்கறிஞர் தமக்குள் பிரெஞ்சுக் கலவையை நெடுநாள் போற்றினர். மன்ற ஏடுகளும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி 1733ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. தம் மண்ணில், தம் மன்றத்தில், தம் மீது சுமத்தப்பட்ட பழியைத் தம் மொழியில் கேட்பதற்கு ஆங்கிலேயரே இத்தனை காலம் காத்திருந்தனர் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

தனிச் சொற்கள் சிலவற்றையும் காண்போம். 'பிளேம்' என்னும் சொல் கிரேக்க மொழியில் இகழ்ந்துரைத்தலைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. தெய்வ நிந்தனையைக் குறிக்கும் 'பிளாஸ்ஃபெமி'யும் இதற்கு உடன்பிறப்பு. 'கிரிட்டிசிஸம்' என்பதன் வேரோ வேறு வகையானது. பிரித்தறிதல், தீர்ப்பளித்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினை அதன் தாய். பிளேம் இகழ்கிறது, கிரிட்டிசிஸம் ஆராய்கிறது. தமிழில் பழித்தலும் திறனாய்தலும் வேறுபடுவது போல, வேரளவில் அவையும் வேறுபட்டவையே. நடைமுறையில்தான் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

'ஃபால்ட்' என்னும் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது இதில் 'ல்' ஓசையும் இல்லை, எழுத்தும் இல்லை. இலத்தீன் மூலத்தில் அவ்வெழுத்து உண்டென்று கண்ட புலவர்கள் பிற்காலத்தில் அதனை இடையே செருகினர். நெடுநாள் வரை எழுத்தில் இருந்ததே அன்றி, ஒலியில் அது இல்லை. 1711இல் வெளிவந்த திறனாய்வு பற்றிய செய்யுள் நூலில் கவிஞர் அலெக்சாந்தர் போப் இச்சொல்லைத் 'தாட்' என்னும் சொல்லோடு இயைபுத் தொடையாக அமைத்தார். குற்றம் என்று பொருள்படும் சொல்லுக்கே எழுத்துக் குற்றத்தைத் திருத்தப் போய், அனைவர் உச்சரிப்பையும் மாற்றி வைத்தார்கள்!

'சென்ஷர்' என்பது ரோமாபுரியின் கொடை. அங்குக் கி.மு. 443ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் 'சென்சார்' என்னும் பதவிக்கு இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குடிமக்களைக் கணக்கெடுப்பது அவர்கள் கடமை. ஒழுக்கம் தவறியவர் பெயருக்கு நேரே ஏட்டில் ஒரு குறியிடும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. அக்குறி விழுந்தால் செனட் உறுப்பினரும் தம் இடத்தை இழப்பார். அந்தக் குறியின் பெயரை நம் நாட்டில் இன்றும் அரசு ஊழியர் அறிவர். எவ்வாறு என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இனி, பிறர் பாவத்தைச் சுமப்பவரைக் குறிக்கும் 'ஸ்கேப்கோட்' என்னும் சொல்லுக்கு வருவோம். இச்சொல்லை ஆக்கியவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். வில்லியம் டிண்டேல் என்பவர் விவிலியத்தின் முதல் ஐந்து ஆகமங்களை எபிரேயத்திலிருந்து ஆங்கிலமாக்கி 1530இல் வெளியிட்டார். லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தில் ஒரு சடங்கு கூறப்படுகிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொணர்ந்து சீட்டுப் போடுவர். ஒன்று இறைவனுக்குப் பலியாகும். மற்றொன்றன் தலைமேல் ஆசாரியர் இரு கைகளையும் வைத்து, மக்கள் செய்த பாவங்களையெல்லாம் சொல்லி, அவற்றை அதன்மேல் ஏற்றி, உயிரோடு வனாந்தரத்திற்கு ஓட்டிவிடச் செய்வார். இரண்டாவது கடாவைப் பற்றிய இடத்தில் 'அசசேல்' என்னும் அரிய எபிரேயச் சொல் வருகிறது. அதனை 'விலகிச் செல்லும் ஆடு' என்று பிரித்துப் பொருள் கொண்ட டிண்டேல், 'தப்பிச் செல்லும் கடா' என்று பொருள்படும் புதிய ஆங்கிலச் சொல்லை அமைத்தார். 1611ஆம் ஆண்டின் அரச மொழிபெயர்ப்பும் அதனையே ஏற்றது. 1885இல் திருத்திய பதிப்பை வெளியிட்ட அறிஞர்கள், அது ஓர் இயற்பெயராகலாம் என்று கருதி மூலச்சொல்லையே மீண்டும் வைத்தனர். ஆனால் அதற்குள் அவ்வாடு வேதநூலிலிருந்து தப்பி ஊருக்குள் வந்துவிட்டது. டிண்டேலோ தப்பவில்லை. சமயத் துரோகி என்று பழி சுமத்தப்பட்டு, 1536ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரசல்ஸ் நகருக்கு அருகே கொல்லப்பட்டார்.

தமிழ் விவிலியத்தில் இக்கடாவிற்குப் 'போக்காடு' என்று பெயர். போகவிடப்படும் ஆடு, எத்துணைப் பொருத்தமான சொல்! ஆயினும் நம் நாளிதழ்களும் மேடைப் பேச்சும் இதனைக் கைவிட்டு, ஸ்கேப்கோட் என்பதற்குப் 'பலிகடா' என்று எழுதுகின்றன. பலிகடா கொல்லப்படுவது, போக்காடு துரத்தப்படுவது. சடங்கின்படி பாவத்தைச் சுமந்தது முதல் கடா அன்று, இரண்டாவது கடாவே. பழி சுமந்தவன் சாவதைக் காட்டிலும் ஊரை விட்டு ஒழிவதே கூட்டத்திற்குத் தேவை என்பதுதான் இதன் உட்பொருள். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் நம் பழமொழி இங்கே நினைவுக்கு வருகிறது.

இவ்வாறு பழி சுமந்தோருள் ஒருவரை வரலாறு நன்கு அறியும். 1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இலண்டனில் புட்டிங் சந்து என்னுமிடத்தில் ரொட்டி சுடும் வீடு ஒன்றில் தீப்பற்றியது. அடுப்புத் தீயே காரணம். காற்றும் வறட்சியும் மரவீடுகளும் சேர்ந்து, நான்கு நாட்களில் பழைய நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. வீடிழந்த மக்கள், தீ வைத்தவன் யார் என்று தேடத் தொடங்கினர். அயல்நாட்டார் தெருவில் தாக்கப்பட்டனர். பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கத்தோலிக்கரும் வெளியே தலைகாட்ட அஞ்சினர். அவ்வேளையில் ராபர்ட் ஹூபர்ட் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளி பிடிபட்டார். மனநிலை சரியில்லாதவர் என்று பலரும் கருதிய அவர், தாமே தீ வைத்ததாக வாக்குமூலம் அளித்தார். முதலில் அவர் தீ வைத்ததாகச் சொன்ன இடம் வெஸ்ட்மின்ஸ்டர். அங்கே தீ அணுகவேயில்லை. பின்னர் வாக்கை மாற்றிக்கொண்டார். அவர் மீதான குற்றப் பத்திரத்தில் கையொப்பமிட்டோருள் ரொட்டிக்கடைக் குடும்பத்தாரும் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே ஹூபர்ட் தூக்கிலிடப்பட்டார். தீப்பற்றி இரண்டு நாட்கள் கழிந்த பின்னரே அவர் இலண்டன் மண்ணில் காலடி வைத்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது.

இத்தோடு முடியவில்லை. தீயின் நினைவாக எழுப்பப்பட்ட தூணில், கத்தோலிக்கரே இக்கேட்டிற்குக் காரணம் என்று பொருள்படும் வாசகம் 1681இல் பொறிக்கப்பட்டது. அரசர் மாறியபோது அது நீக்கப்பட்டது. மீண்டும் அரசர் மாறியபோது மீண்டும் பொறிக்கப்பட்டது. இறுதியாக 1830இல்தான் அழிக்கப்பட்டது. அடுப்பைச் சரியாக அணைக்காத ஒரு தவற்றிற்கு, ஓர் அயலார் உயிரையும், ஒரு சமயத்தார் ஒன்றரை நூற்றாண்டு மானத்தையும் ஈடாகக் கொடுத்தனர். ஊரில் கேடு வரும்போது வந்தேறியவரைச் சுட்டிக்காட்டும் விரல் ஒரு நாட்டிற்கு மட்டும் உரியது அன்று. பிழைப்பிற்காக ஊர் கடந்து வாழ்வோர் இக்கதையை எளிதில் உணர்வர்.

அயலார்தாம் போக்காடு ஆவர் என்பதுமில்லை. 1756இல் மத்தியதரைக் கடலில் உள்ள மினோர்க்கா தீவைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. அதனை மீட்க, பழுதுபட்ட கப்பல்களோடும் போதாத ஆட்களோடும் காலங்கடந்து அட்மிரல் ஜான் பிங் அனுப்பப்பட்டார். மே மாதம் நடந்த கடற்போரில் வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. அவர் ஜிப்ரால்டருக்குத் திரும்பினார், தீவு வீழ்ந்தது. மக்கள் சினத்தை அமைச்சரவை தன்மீது வாங்கிக்கொள்ள விரும்பவில்லை. அட்மிரல் அனுப்பிய அறிக்கையை, அவருக்குச் சாதகமான பகுதிகளை வெட்டிவிட்டு அரசிதழில் வெளியிட்டது. படைமன்றம் அவரை விசாரித்தது. கோழைத்தனம் இல்லை, துரோகம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. 'தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யவில்லை' என்ற ஒன்று மட்டும் நின்றது. அதற்கும் அன்றைய கடற்படைச் சட்டத்தில் மரணமே தண்டனை. நீதிபதிகளே கருணை காட்டுமாறு வேண்டினர், மன்னர் இணங்கவில்லை. 1757ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கப்பல் மேல்தளத்தில் அவர் சுடப்பட்டார். ஏனையோருக்கு ஊக்கமூட்டுவதற்காக அந்நாட்டார் அவ்வப்போது ஓர் அட்மிரலைச் சுடுகிறார்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்ட்டேர் 1759இல் தம் கதையொன்றில் எள்ளி எழுதினார். அவ்வெள்ளல் மொழியை ஆங்கிலேயரே தம் பேச்சில் பழமொழியாக ஏற்றுக்கொண்டனர். பிறர் அஞ்சும்பொருட்டு ஒருவரைத் தண்டித்தலுக்கு அது இன்றும் பெயராய் விளங்குகிறது.

பழியைக் கை மாற்றுவதற்கு வேறொரு தொடர் உண்டு; அது அமெரிக்கச் சூதாட்ட மேசையில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'போக்கர்' சீட்டாடுவோர், அடுத்துச் சீட்டுப் பகிரும் முறை யாருடையது என்பதைக் காட்ட அவர் முன் ஓர் அடையாளப் பொருளை வைப்பர். அதன் பெயர் 'பக்'. மான்கொம்புப் பிடியிட்ட கத்தியை வைத்ததால் இப்பெயர் வந்தது என்பர். தம் முறையை விரும்பாதவர் அதனை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். நாளடைவில், பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்குப் 'பாஸிங் தி பக்' என்னும் பெயர் நிலைத்தது. அலுவலகக் கோப்பு ஒன்று எத்தனை மேசைகளைக் கண்டிருக்கிறது என்று பார்த்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் தம் மேசைமேல், 'பக் இங்கே நின்றுவிடும்' என்று பொருள்படும் பலகையை வைத்திருந்தார். ஒக்லஹோமா மாநிலத்தில் எல் ரினோ என்னும் ஊரிலிருந்த சீர்திருத்தச் சிறையில் செய்யப்பட்ட அப்பலகை 1945ஆம் ஆண்டு அக்டோபரில் அவரிடம் வந்து சேர்ந்தது. 1953 சனவரியில் விடைபெறும் உரையிலும், தலைவராக இருப்பவர் எவராயினும் முடிவு செய்ய வேண்டியவர் அவரே, அதைப் பிறரிடம் தள்ள இயலாது என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். பொறுப்பை நினைவூட்டும் பலகை ஒரு நாட்டின் தலைவருக்குச் சிறைக் கூடத்திலிருந்து வந்தது என்பது எண்ணத்தக்கது.

இல்லத்தில் பிறந்த தொடர்களையும் சுருங்கக் காண்போம். கண்டிப்பதற்காக ஒருவரை அழைப்பதைக் 'கார்ப்பெட்' மேல் அழைத்தல் என்பர். கார்ப்பெட் என்பது முற்காலத்தில் மேசையை மூடிய கனத்த துணி. ஒரு செய்தி அதன்மேல் இருக்கிறது என்றால் ஆலோசனையில் இருக்கிறது என்றே பொருள். துணி மேசையிலிருந்து தரைக்கு இறங்கியபின், எசமானர் அறையின் விரிப்பின்மேல் வேலையாள் நின்று வசை கேட்பதற்கு அத்தொடர் மாறிற்று. தாழ்ந்து மன்னிப்புக் கேட்பதை 'ஹம்பிள் பை' உண்ணல் என்பர். மானின் ஈரல், குடல் முதலியவற்றிற்கு 'அம்பில்ஸ்' என்று பெயர். அவற்றை வைத்துச் சுட்ட பணியாரமே அது. பதினேழாம் நூற்றாண்டு நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் அதனை விருப்போடு உண்டதாகவே குறித்துள்ளார். பணிவைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்தமையால் பின்னர் அது அவமானத்தின் உணவாயிற்று. குற்றமுடையவர் பிறரைக் குறை கூறினால், சட்டி கெண்டியைக் கரியென்றது என்பர். 'டான் குவிக்ஸோட்' என்னும் ஸ்பானியக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1620இல் இதைப் போன்ற வாசகத்தைப் பரப்பிற்று. 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்று நம் அடுக்களையும் அதையே சொல்லி வைத்திருக்கிறது. பாத்திரங்கள் வேறு; மனிதர் ஒன்றே.

'ரயட் ஆக்ட்' வாசித்தல் என்பதும் கடுமையாகக் கண்டிப்பதைக் குறிக்கும். இது வெறும் உருவகமன்று. 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, பன்னிருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கலகமாகக் கூடினால் நீதிபதி ஓர் அறிவிப்பை உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரத்திற்குள் கலையாதவர் கொடுங்குற்றவாளி ஆவர். இங்கிலாந்தில் அச்சட்டம் 1967இல் நீங்கிற்று. குழந்தைகளை அதட்டும் தாய்மார் வாயில் அதன் பெயர் நிலைத்திருக்கிறது.

இதுகாறும் பழி கூறுவதைக் கண்டோம். மறுமொழி கூறுவதன் வரலாறு இன்னும் சுவையானது. 'அபாலஜி' என்றால் இன்று மன்னிப்பு வேண்டல். ஆனால் கிரேக்கத்தில் அச்சொல்லின் பொருள் நேர் எதிரானது: தன்மீது சாட்டப்பட்ட குற்றத்தை மறுத்துக் கூறும் வாதம். கி.மு. 399இல் ஆதென்ஸ் நகர மன்றத்தில் சாக்ரட்டீசு நிகழ்த்தியதாக அவர் மாணவர் பிளேட்டோ எழுதிய உரை இப்பெயராலேயே வழங்குகிறது. அதில் மன்னிப்பு வேண்டும் குரல் இல்லை. இங்கிலாந்தில் 1533இல் சர் தாமசு மோர் இப்பெயரில் நூல் எழுதியதும் தம்மை நிலைநாட்டவே. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருத்தம் தெரிவித்தல் என்னும் பொருள் தலைகாட்டிற்று. வாதாடும் சொல் எவ்வாறு வணங்கும் சொல்லாயிற்று? தம் செயலுக்குக் காரணம் சொல்லத் தொடங்குவோர் பலர், பாதி வழியிலேயே வருத்தம் தெரிவிப்பதில் முடிக்கின்றனர். மனித இயல்பு சொல்லின் பொருளையே வளைத்துவிட்டது. 'ஸாரி' என்பதோ புண், நோவு என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இரயிலில் காலை மிதித்துவிட்டு இன்று அதனைச் சொல்கிறோம். நோவு மிதிபட்டவருக்கு, சொல் மிதித்தவருக்கு.

ஆங்கில அலுவலக நடையில் மற்றொரு தந்திரம் உண்டு. செய்தவர் யார் என்று காட்டாத செயப்பாட்டு வினை அது. 1987 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்றது பற்றிப் பேசுகையில், தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் அவ்வாக்கியத்தில் இல்லை. நம் புகைவண்டி நிலையங்களின் ஆங்கில அறிவிப்பிலும், பயணிகளுக்கு நேர்ந்த இன்னல் 'வருந்தப்படுகிறது'. வருந்துபவர் இன்னார் என்பது இல்லை. அதையே தமிழில் சொல்ல முற்பட்டால் மொழி இடங்கொடுப்பதில்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்றுதான் நம் ஒலிபரப்பும் ஒளிபரப்பும் சொல்லி வந்தன. அந்த 'ஓம்' என்னும் விகுதியில் ஒருவர் வந்து நிற்கிறார், பொறுப்பேற்கிறார். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இது சிறு செய்தி அன்று. மூலத்தில் மறைந்திருப்பவரைத் தமிழ் இலக்கணம் வெளியே இழுத்துவிடுகிறது.

இனி, இரண்டாம் வினா: மறுமொழி கூற உரிமை உண்டா? ரிச்சர்டு பெண்ட்லி என்பவர் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் தலைவர்; பழைய நூல்களின் பிழைகளை ஈவிரக்கமின்றிச் சுட்டிய பெருந்திறனாய்வாளர். பல்கலைக்கழக மன்றத்தை இழிவாகப் பேசினார் என்று கூறி, அவர் பக்கத்தைக் கேளாமலே 1718இல் அவர் பட்டங்களைப் பல்கலைக்கழகம் பறித்தது. வழக்கு அரச மன்றத்திற்குச் சென்றது. 1723இல் நீதிபதிகளுள் ஒருவரான ஃபார்ட்டெஸ்கியூ அழகியதோர் உவமை கூறினார். ஆதாம் கனியை உண்டான் என்பதைக் கடவுள் அறிவார். அறிந்திருந்தும், அவனை அழைத்து, அவன் சொல்வதைக் கேட்ட பின்னரே தண்டித்தார் என்பது அவர் வாதத்தின் சாரம். பெண்ட்லி தம் பட்டங்களைத் திரும்பப் பெற்றார். ஆதாம் அன்று சொன்ன விடை என்ன என்பதையும் நாம் மறக்கலாகாது. அவன் ஏவாளைக் காட்டினான். அவள் பாம்பைக் காட்டினாள். முதல் விசாரணையிலேயே பழி இரு முறை கை மாறிவிட்டது! அவ்வாறு மாறும் என்று தெரிந்தும் விடையைக் கேட்டாக வேண்டும் என்பதே நீதியின் முதிர்ச்சி.

இம்மரபு கப்பலேறி நம் நாட்டிற்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இலண்டனிலிருந்து சென்னை செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய மடல்களில் அதட்டலும் கண்டனமும் நிறைந்திருக்கும். முடிவில் மட்டும் 'தங்கள் அன்புள்ள நண்பர்கள்' என்று கையொப்பமிடுவர். கசப்பை இனிப்பால் மூடும் இந்நடையே நம் அலுவலகக் கடிதங்களுக்குப் பாட்டன். ஆனால் அதே மரபோடு நல்லது ஒன்றும் வந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 240ஆம் பிரிவு, ஊழியர் ஒருவரைப் பதவி நீக்குமுன் காரணம் காட்ட அவருக்குத் தக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று விதித்தது. 'ஷோ காஸ்' என்னும் தொடரின் அரசியல் பிறப்பிடம் நமக்கு இதுவே. 1950இல் அரசியலமைப்பின் 311ஆம் விதி அதனை ஏற்றது. பின்னர்த் திருத்தங்களால் வாசகம் மாறியபோதும், சில விலக்குகள் நீங்கலாக, குற்றச்சாட்டை அறிவித்து விசாரித்து விடை கேளாமல் பதவி நீக்கலாகாது என்னும் கருத்து நிற்கிறது. மத்திய அரசு ஊழியர்க்குரிய 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைகளின் வரிசையில் முதலாவதாக நிற்பது எது? 'சென்ஷர்'. ரோமாபுரி அதிகாரி ஏட்டில் இட்ட குறிதான்! ஆகவே, உறக்கத்தைக் கெடுக்கும் அத்தாள் உண்மையில் ஒரு காப்பு. அது பழியின் முடிவு அன்று, மறுமொழியின் தொடக்கம்.

எஞ்சியது மூன்றாம் வினா. மகாராஷ்டிர மாநிலத்தில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட ஒருவருக்கு, அதற்குரிய காரணங்கள் ஆங்கிலத்தில் எழுதித் தரப்பட்டன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தாம் அறிந்த இந்தியில் அவற்றைத் தருமாறு கேட்டார். ஆங்கிலம் ஆட்சிமொழியாதலால் அது வேண்டுவதில்லை என்று மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. காரணத்தைத் தெரிவித்தல் என்றால் அவருக்குப் புரியும்படி தெரிவித்தல். இன்றேல் விடை கூறும் வாய்ப்பு வெறும் பெயரளவில் நின்றுவிடும் என்று கொண்டு அவரை விடுவித்தது. அத்தீர்ப்பின் ஆண்டு 1962. இங்கிலாந்தில் அந்த மொழிச் சட்டம் பிறந்து சரியாக அறுநூறு ஆண்டுகள்! அன்று பிரெஞ்சு மொழியின் முன் ஆங்கிலம் நின்ற இடத்தில், இன்று ஆங்கிலத்தின் முன் இந்தியத் தாய்மொழி ஒன்று நின்றது. வினா ஒன்றே, விடையும் ஒன்றே.

தாய்மொழி வழங்காத ஊர்களில் வாழும் நாம் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளைக் கைக்கொள்ளலாம். நம்மீது ஒரு குறை கூறப்பட்டால், சொல்லின் சாயலைக் கண்டு மிரளாமல், கூறப்பட்டது பழியா, ஆய்வா, அறிவிப்பா என்று பிரித்தறிந்து, விளங்காததை விளங்குமாறு கேட்டு, அதன் பின்னரே விடை கூறுதல் வேண்டும். இது நம் உரிமை. நம் கீழ்ப் பணிபுரிவோரையோ, வீட்டு வேலைக்கு வரும் பிற மொழியாளரையோ நாம் குறை கூற நேர்ந்தால், அவருக்கு விளங்கும் மொழியில் கூறி, அவர் சொல்லும் விடையை முடியும் வரை கேட்டல் வேண்டும். இது நம் கடமை. உரிமையை எளிதில் நினைவில் வைக்கிறோம். கடமையை நினைவில் வைத்தால், போக்காடுகள் குறையும்.